இருட்டில் ஆறு புள்ளிகள்

ஸ்ரீமுஷ்ணத்தில் சாமியே பன்றிதான். பூமியைக் கொம்பில் ஏந்தி வந்த வராகர் சாளக்கிராமத் திருமேனியாக, இடுப்பில் கைவைத்தபடி நிற்கிறார். தானாகத் தோன்றியவை என்று வைணவர்கள் கொண்டாடும் எட்டுத் தலங்களில் இதுவும் ஒன்று. மாசி மகத்துக்கு உற்சவர் கிள்ளைக் கடற்கரைவரை போய்த் தீர்த்தவாரி கண்டு திரும்புவார். கிள்ளையில் முஸ்லிம்கள் அவரை எதிர்கொண்டு மரியாதை செய்வது தலைமுறைகளாக நடக்கிறது. இந்தக் கோயிலின் விசேஷப் பிரசாதம் கோரைக்கிழங்கில் செய்வது. பன்றி தோண்டித் தின்னும் கிழங்கு அது. பன்றி உருவான பெருமாளுக்கும் அதுவே நைவேத்தியம்.

அதே கோரைக்கிழங்கைத் தேடித்தான் ராத்திரியில் நிஜப் பன்றியும் வயலுக்குள் இறங்குகிறது. வந்த இடத்தில் மல்லாட்டை இருந்தால் விடுமா? கரும்பு இருந்தால் விடுமா? மக்காச்சோளம் கதிர் பிடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஒரு கூட்டம் ஒரு ராத்திரி புகுந்து போனால், மறுநாள் காலையில் கொல்லை ஏர் ஓட்டிப் போட்டதுபோல் கிடக்கும்.

கோயில் பக்கத்து டீக்கடையில் என்னருகே உட்கார்ந்திருந்த பெரியவர், நான் பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று தெரிந்ததும் செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். சாம்பல் நிறத் தரையில் வெள்ளை வெளேரென்று பன்றிகள் ஓடுகின்றன. படத்தின் நடுவில் ஒரு கூட்டல் குறி. டப்பென்று சத்தம். ஒன்று சாய்கிறது, அடுத்த டப்புக்கு இன்னொன்று.

"பாத்தீங்களா சார், நடுராத்திரி. பட்டப்பகல் மாதிரி தெரியுது. இதுமாரி ஒண்ணு நம்ம கொல்லைக்கு வந்துட்டா அப்பறம் எந்தப் பன்னி வரும்?"

"சாமியாச்சே, ஐயா" என்றேன்.

"சாமி கோயில்ல இருக்கட்டும் சார். கொல்லையில எனக்குப் பயிரு இருக்கணும்ல?"

நியாயம்தான். அன்றைக்கு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் நான் அவருக்குச் சொன்ன பதில் அரைகுறை. மீதியை இங்கே சொல்கிறேன்.

அவர் காட்டியதுபோன்ற படங்கள் பெரும்பாலும் அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து வருகின்றன. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்த வீட்டுப் பன்றிகள் அங்கே காடேறிப் பல லட்சமாகப் பெருகிவிட்டன. 2011-ல் ஹெலிகாப்டரில் பறந்தபடி சுடுவதற்குக்கூட அந்த மாநிலம் சட்டம் போட்டுக்கொடுத்தது. ஜெர்மனியில் வேட்டைத் துப்பாக்கியில் இரவுநோக்கிக் கருவிகளைச் சேர்ப்பதற்கு நெடுநாள் தடை இருந்தது. பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் கிழக்கேயிருந்து நெருங்கிவந்த 2020-ல் அவர்களும் அந்தத் தடையைத் தளர்த்தினார்கள். ஆக, பெரியவர் ஆசைப்பட்டது உலகத்தில் இல்லாத ஒன்றுக்கு அல்ல. ஆனால் டெக்சாஸ் புல்வெளியும் வெள்ளாற்றங்கரைக் கரும்புக்கொல்லையும் ஒன்றா என்பதைக் கருவியின் உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும்.

இருட்டில் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. இருக்கிற துளி வெளிச்சத்தைப் பெருக்கிப் பார்ப்பது ஒன்று. வெளிச்சத்தை மறந்துவிட்டுச் சூட்டைப் பார்ப்பது மற்றொன்று. கடைக்காரர்கள் இரண்டையும் நைட் விஷன் என்றே விற்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை காதுக்கும் மூக்குக்கும் உள்ளதுபோல.

முதல் வழியை எடுத்துக்கொள்வோம். உச்சிவெயிலில் வெட்டவெளியின் வெளிச்சம் சுமார் 1,00,000 லக்ஸ். நல்ல பௌர்ணமியில் அது 0.3 லக்ஸைத் தாண்டுவது அரிது. நிலா இல்லாத, நட்சத்திரம் மட்டும் உள்ள ராத்திரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு லக்ஸ். நாம் கும்மிருட்டு என்று சொல்கிற அந்த நேரத்திலும் ஃபோட்டான்கள் வந்து விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. போதாததற்கு, வளிமண்டலத்தின் உயரடுக்கில் உள்ள ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் ராத்திரி முழுக்க அகச்சிவப்பில் மெலிதாக ஒளிர்கின்றன. நம் கண்ணுக்கு அது எட்டாது.

இரவுநோக்கியின் இதயம் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு வெற்றிடக் குழல். லென்ஸ் வழியாக வரும் ஃபோட்டான் முதலில் ஒரு மெல்லிய பூச்சில் மோதி எலக்ட்ரானை உதிர்க்கிறது. ஐன்ஸ்டைன் 1905-ல் விளக்கம் சொன்ன ஒளிமின் விளைவு இதுதான். அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இதற்காகத்தான், சார்பியலுக்காக அல்ல. உதிர்ந்த எலக்ட்ரான் அடுத்து நுண்குழல் தட்டுக்குள் நுழைகிறது. நாணயத்தின் அளவுள்ள கண்ணாடி வில்லை அது. அதில் பல லட்சம் துளைகள், ஒவ்வொன்றும் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதவை. துளைகளை நேராகப் போடாமல் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருப்பார்கள். அதனால் உள்ளே வந்த எலக்ட்ரான் சுவரில் இடிக்காமல் வெளியேற முடியாது. ஒவ்வொரு இடிக்கும் இன்னும் சில எலக்ட்ரான்கள் உதிரும், அவையும் இடிக்கும். ஒன்று நுழைந்த துளையிலிருந்து ஆயிரக்கணக்கில் வெளியே கொட்டும். அவை பாஸ்பர் திரையில் விழுந்து அந்தப் பச்சைப் படம் உண்டாகிறது. மனிதக் கண் மற்ற நிறங்களைவிடப் பச்சையில்தான் நுணுக்கமாகச் சாயல் பிரித்துப் பார்க்கும் என்பதால் பச்சை. இப்போது வெள்ளைத் திரைகளும் வந்துவிட்டன.

துப்பாக்கியில் இந்த வித்தை ஏறியது இரண்டாம் உலகப்போரின் கடைசி மாதங்களில். 1945-ல் ஜெர்மானியர்கள் தங்கள் ரைஃபிளில் 'வாம்பிர்' என்ற கருவியை மாட்டினார்கள். அமெரிக்கர்கள் அதே ஆண்டு ஒகினாவாவில் கார்பைன் துப்பாக்கியில் ஒன்றை மாட்டிச் சண்டை போட்டார்கள். இரண்டிலும் துப்பாக்கிமேல் ஒரு அகச்சிவப்பு விளக்கு. அதை எரிக்க முதுகில் பேட்டரி மூட்டை. எதிராளியிடமும் அதே கருவி இருந்தால் விளக்கு வைத்திருப்பவன்தான் முதலில் மாட்டுவான். விளக்கே இல்லாமல் நட்சத்திர ஒளியில் பார்க்கும் கருவி 1960-களில் வியட்நாமில்தான் வந்தது. நுண்குழல் தட்டு அதற்கு அடுத்த தலைமுறை; காலியம் ஆர்சனைடு பூச்சு மூன்றாம் தலைமுறை.

நம் நாட்டில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் மசூலிப்பட்டினத்தில் இரவுநோக்கிகளைச் செய்கிறது. ரைஃபிள் செய்யும் இடம் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் பக்கமாக வேண்டுமென்றால் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை, 1966-லிருந்து இயங்குகிறது. 2025 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சகம் ராணுவத்தின் சிக் 716 ரைஃபிள்களுக்காக இரவுநோக்கி வாங்க 659.47 கோடி ரூபாய்க்கு இந்திய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டது. நட்சத்திர வெளிச்சம் மட்டும் இருந்தாலே 500 மீட்டர்வரை குறிபார்க்கலாம் என்று அறிவித்தார்கள். சிப்பாய்க்கு அது போதும். எல்லையில் எதிரே நிற்பது யார் என்பது அவருக்கு ஓரளவு முன்கூட்டியே தெரியும்.

பன்றிக்கு வருவோம். பழைய வேட்டைக்காரர்கள் டார்ச் அடித்துக் கண் மின்னுவதைப் பார்த்துச் சுடுவார்கள். மாடு, மான், நரி, பூனை எல்லாவற்றுக்கும் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல ஒரு படலம் உண்டு. வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. கறுத்த உடம்பு, ஈர மண், மின்னாத கண். ஒளியைப் பெருக்கும் கருவிக்கும் இது கஷ்டமான உருப்படிதான். ஆயிரம் மடங்கு பெருக்கினாலும் கறுப்பு கறுப்பாகவே பெருகும். அதனால்தான் பன்றி வேட்டைக்காரர்கள் இரண்டாவது வழிக்கு மாறினார்கள்.

1800-ல் வில்லியம் ஹெர்ஷல் வெயிலை முப்பட்டகத்தில் பிரித்து, நிறம் நிறமாக வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, நிறமே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானி மற்றவற்றைவிட மேலே ஏறியது. அகச்சிவப்பு அப்படித்தான் தெரியவந்தது. சூடுள்ள எந்தப் பொருளும் அதை உமிழும். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ், அதன் உமிழ்வு அரை மைக்ரான் அலைநீளத்தில் உச்சம் தொடுகிறது. நம் தோல் 33 டிகிரி. அதன் உச்சம் 9.5 மைக்ரான். நாம் எல்லோரும் ராப்பகலாக ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறோம், பார்க்கத்தான் கண் இல்லை.

அந்த அலைநீளத்துக்குச் சாதாரணக் கண்ணாடி ஒரு சுவர். ஆகவே தெர்மல் கருவியின் லென்ஸை ஜெர்மானியத்தில் கடைகிறார்கள். நமக்கு அது உலோகம்போலப் பளபளத்து எதையும் காட்டாது, சூட்டுக்கு மட்டும் வழிவிடும். விலை ஏறுவதற்கு அது ஒரு காரணம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஆளைத் தெர்மல் காட்டாது என்பதைச் சினிமாக்காரர்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

லென்ஸுக்குப் பின்னால் இருப்பது நுண்வெப்பமானிகளின் ஒரு வயல். வனேடியம் ஆக்சைடு பூசிய பொடிப்பொடிப் பாலங்கள், ஒவ்வொன்றும் 12 மைக்ரான் அகலம். சூடு பட்டால் பாலத்தின் மின்தடை மாறும். அதை அளந்து படமாக்குகிறார்கள். அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் 1980-களில் ராணுவத்துக்காக ரகசியமாகச் செய்தது இது. 1992-ல் ரகசியம் நீங்கியது. இன்று நல்ல கருவி ஒன்று 0.05 டிகிரிக்கும் குறைவான வேற்றுமையைக்கூடப் பிரித்துக் காட்டும். நடுநடுவே உள்ளே ஒரு மூடி 'க்ளிக்' என்று விழுந்து பாலங்களையெல்லாம் சமன்செய்யும்; அந்த அரை நொடி படம் உறைந்து நிற்கும். ஓடுகிற பன்றிக்கு அரை நொடி தாராளம்.

இதுவரை கேட்டால் பெரியவர் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். ஆனால் தெர்மல் கருவி பார்ப்பது சூட்டையல்ல, சூட்டின் வேற்றுமையை. நம் ஊர்ச் சிக்கல் அங்கே ஆரம்பிக்கிறது.

33 டிகிரித் தோல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 490 வாட் உமிழ்கிறது. தை மாதப் பின்னிரவில் 24 டிகிரிக்குத் தணிந்த மண் சுமார் 435 வாட் உமிழும். இடையில் உள்ள 55 வாட்தான் படம். இப்போது அக்கினி நட்சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் வெந்த தார் ரோடும் மண்வரப்பும் பொழுது சாய்ந்து வெகுநேரம்வரை உடம்புச் சூட்டிலேயே நிற்கும். மண்ணும் தோலும் ஒரே அளவு உமிழ்ந்தால் பன்றி தரைக்குள் கரைந்துபோகும். பொழுது சாயும்போதும் விடியும்போதும் எந்த மாதத்திலும் இப்படி ஒரு சமநேரம் வந்து போகிறது. பன்றிகள் மேய வருவதும் திரும்பிப் போவதும் ஏறக்குறைய அந்த வேளைகளில்தான்.

பன்றிக்குச் சொந்தத் தந்திரம் ஒன்றும் உண்டு. சேற்றில் புரண்டு எழுந்தால் உடம்பில் ஈரமண் அப்பிக்கொள்ளும். அது உலரும்வரை குளிர்ந்த போர்வை. கீழே தடித்த மயிரும் கொழுப்பும். தெர்மலில் காதும் கண்ணைச் சுற்றிய இடமும் காலும் பளிச்சிட, நடு உடம்பு மங்கிக் கிடக்கும். கடலோர மாவட்டத்தின் ஈரக் காற்று இந்த அலைகளைக் கொஞ்சம் குடித்துவிடும். மார்கழிப் பனிமூட்டம் இன்னும் நன்றாகவே குடிக்கும். தெர்மல் மூடுபனியைத் துளைத்துவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். மெல்லிய மூட்டத்தில் சரி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாத மூட்டத்தில் அதுவும் நம்மோடு சேர்ந்து தடவத்தான் வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய மறைப்பு தோகை. பச்சை இலை தெர்மலுக்குச் சுவர்தான். இந்தப் பக்கத்துக் கரும்பு சேத்தியாத்தோப்பு கூட்டுறவு ஆலைக்குப் போக வேண்டும். வெட்டு உத்தரவு வரும்வரை கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பன்றி பகலில் படுப்பதும் அதற்குள்தான். கருவி எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் வரப்புக்கு வந்த பன்றியைக் காட்டும், உள்ளே படுத்த பன்றியைக் காட்டாது.

பெரியவரிடம் நான் சொல்ல விரும்பியதன் நடுப்பகுதி இனிமேல்தான் வருகிறது. 1958-ல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஒரு எளிய கேள்வி கேட்டார். ஒரு கருவி ஒரு பொருளை 'பார்க்கிறது' என்றால் என்ன அர்த்தம்? அவர் பார்வையைப் படிகளாகப் பிரித்தார். அவற்றில் முக்கியமானவை மூன்று. அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிவது ஒன்று. அது என்ன வகை, ஆளா மிருகமா என்று தெரிவது இரண்டு. இன்னதுதான் என்று அடித்துச் சொல்வது மூன்று. இன்றைய கருவிக் கணக்கில் சொன்னால், பொருளின் குறுக்களவில் இரண்டு புள்ளிகள் விழுந்தால் முதலாவது கைகூடும். இரண்டாவதற்கு எட்டுப் புள்ளிகள் வேண்டும். மூன்றாவதற்குப் பதின்மூன்று. அதுவும் பாதிக்குப் பாதி வாய்ப்புத்தான்.

கடையில் விற்கும் ஒரு நடுத்தரத் தெர்மல் ஸ்கோப்பை எடுத்துக்கொள்வோம்: 12 மைக்ரான் புள்ளி, 35 மில்லிமீட்டர் லென்ஸ். 100 மீட்டரில் ஒரு புள்ளி மூன்றரை சென்டிமீட்டரை மூடும். 200 மீட்டரில் ஏழு. 300 மீட்டரில் பத்து. காட்டுப்பன்றியின் உயரம் 65 சென்டிமீட்டர் என்று வைத்தால், 100 மீட்டரில் அது பத்தொன்பது புள்ளி உயரம். சந்தேகமே இல்லாமல் பன்றி. 200-ல் ஒன்பது புள்ளி; நான்குகால் பிராணி என்று சொல்லிவிடலாம். 300-ல் ஆறே ஆறு புள்ளி. ஏதோ ஒன்று சூடாக இருக்கிறது, அவ்வளவுதான். இதே கருவியின் விளம்பரத்தில் 900 மீட்டர் என்று போட்டால் அது பொய்யல்ல. இரண்டு புள்ளி விழும் தூரம் உண்மையிலேயே அதுதான். வாங்குகிறவர் அதைச் சுடும் தூரம் என்று படித்துக்கொள்கிறார்.

அந்த ஆறு புள்ளியில் வேறு யாரெல்லாம் இருக்கலாம்? மும்முனைக் கரண்டு வரும் நேரம் பார்த்து ராத்திரியில் மோட்டார் போட வருகிறவர், மடையை வெட்டிவிடக் குனிந்தால் பன்றியைவிட ஒரு முழம்தான் உயரம். வரப்பில் எலி வளையைத் தோண்டுகிறவர் மண்டிபோட்டிருப்பார். மல்லாட்டைக் காவலுக்கு வந்து தார்ப்பாயில் சுருண்டு படுத்தவர் பன்றியைவிடத் தணிந்திருப்பார். கிடை போட்ட ஆடுகள், அவிழ்த்துக்கொண்டு வந்த கன்றுக்குட்டி, வயிற்றுப்போக்குக்கு ஒதுங்கிய பாட்டி. டெக்சாஸ்காரன் வேலி போட்ட ஆயிரம் ஏக்கரில் நின்று சுடுகிறான். அந்த ஏக்கரில் அந்த நேரத்தில் அவனைத் தவிர மனிதர்கள் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். நம் வயல்காடு ராத்திரியில் ஆளற்ற இடமே கிடையாது.

லேசர் தூரமானி இதைச் சரிசெய்யாதா என்று கேட்கலாம். அது வேறு வேலை செய்கிற கருவி, ஆனால் வேலையைத் திறமாகச் செய்யும். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளித்துடிப்பை அனுப்பி, பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 300 மீட்டர் போய்வர இரண்டு மைக்ரோ நொடி ஆகும். ஒரு மீட்டர் துல்லியம் வேண்டுமானால் ஒரு நொடியைப் பதினைந்து கோடியாகக் கூறுபோட்டு எண்ண வேண்டும். தியோடர் மைமன் 1960-ல் முதல் லேசரை ஒளிரவைத்தவுடனேயே ராணுவங்களுக்கு இந்த எண்ணம் வந்துவிட்டது. இன்றைக்கு மலிவான கருவிகளில் 905 நானோமீட்டர் லேசர். விலை கூடியவற்றில் 1,550. அந்த அலைநீளத்தைக் கண்ணின் முன்பகுதியில் உள்ள நீரே உறிஞ்சிக்கொள்வதால் விழித்திரைக்கு ஆபத்துக் குறைவு.

தூரம் எதற்கு? தெர்மல் படத்துக்கு ஆழம் கிடையாது. கிட்டத்து முயலும் தூரத்து மாடும் ஒரே அளவு வெள்ளையாகத் தெரியும். குண்டோ புறப்பட்ட கணத்திலிருந்து விழத் தொடங்குகிறது. வேகமான ரைஃபிள் குண்டு ஒன்று குழலின் நேர்கோட்டிலிருந்து 100 மீட்டரில் சுமார் 8 சென்டிமீட்டரும், 200-ல் 33 சென்டிமீட்டரும், 300-ல் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டரும் தணிந்திருக்கும். நேரம் இரண்டு மடங்கானால் வீழ்ச்சி நான்கு மடங்கு. பள்ளிக்கூடத்தில் படித்த அதே சூத்திரம்தான். ஆகவே 300-ஐ 200 என்று கண்ணால் மதிப்பிட்டவர் பன்றியின் முதுகைக் குறிவைத்துக் காலை உடைப்பார். காயம்பட்ட பன்றி எதிரே வரும் எவரையும் கிழிக்கும். தூரமானியும் கணிப்பானும் சேர்ந்த புது ஸ்கோப்புகள் தூரத்தை அளந்து குறிப்புள்ளியைத் தாமே நகர்த்திக் காட்டுகின்றன. அருமையான ஏற்பாடு. ஆனால் லேசர் கற்றையும் போகப்போக விரியும்; 300 மீட்டரில் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஆடும் ஒரு கரும்புத்தோகை முதலில் திருப்பி அனுப்பினால், கருவி தோகையின் தூரத்தையே சொல்லும். அது பன்றியா ஆளா என்ற கேள்விக்கு லேசரிடம் பதில் இல்லை. இரண்டிலிருந்தும் ஒளி ஒரேமாதிரி திரும்புகிறது.

பன்றியைத் தவறவிட்ட குண்டு எங்கே போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். ராணுவ ரகத்து 7.62 குண்டு ஒன்று தடையில்லாமல் போனால் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் போய் விழும். மலைநாட்டில் பன்றிக்குப் பின்னால் சரிவு நிற்கும். ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில், சேத்தியாத்தோப்புப் பக்கம் தரை தாம்பாளம் மாதிரி. ஏரிக்கரையை விட்டால் உயரமான மண்ணே இல்லை. ஒரு ஊர் முடிந்து மூச்சு வாங்குவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

அந்த மூன்று கிலோமீட்டர் என்ற எண் அரசு உத்தரவிலும் வருகிறது, தற்செயலாகத்தான். 2025 ஜனவரியில் அப்போதைய வனத்துறை அமைச்சர் க. பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்தார்: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். வனத்துறையினர் மட்டும். கேரளம் 2022-ல் ஊராட்சித் தலைவர்களுக்கே உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்து, உரிமம் உள்ளவர்களைச் சுட அழைத்தது. தமிழ்நாடு அவ்வளவு தூரம் போகவில்லை. என்னைக் கேட்டால், இந்தச் சமதரைக்கு அதுவே சரி.

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைப் படித்தால் ஒரு சுவையான சங்கதி கிடைக்கும். பயிர்ப் பாதுகாப்புக்கென்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுவது, வாய்ப்பக்கமாக மருந்து கெட்டித்துச் சுடுகிற பழைய துப்பாக்கியை. ஒரு வெடி வெடித்தால் மறுவெடிக்கு நேரம் பிடிக்கும், தூரமும் போகாது. சத்தத்துக்கே பன்றி ஓடிவிடும் என்பதுதான் அதன் பெரும்பயன். அந்தத் துப்பாக்கியை வைத்திருப்பவர்கூட இன்றைக்கு அனுமதியில்லாமல் பன்றியைச் சுட்டால் வனவிலங்குச் சட்டத்தில் மாட்டுவார். சுட முடியாதவர்கள் திருட்டு மின்வேலிக்குப் போகிறார்கள். அதில் பன்றி சாகிறது. ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துக் கொல்லைக்காரரும் சாகிறார். தமிழ்நாட்டில் 2023-ல் மின்வேலிக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தார்கள், பதிவுசெய்த, உயிரைக் கொல்லாத அதிர்ச்சிவேலி மட்டுமே போடலாம் என்று.

அப்படியானால் தெர்மல் நமக்கு வேண்டாத சரக்கா? இல்லை. துப்பாக்கிமேல் ஏற்றாத தெர்மல் தமிழ்நாட்டில் ஏற்கெனவே நல்ல வேலை செய்கிறது. கோவை மதுக்கரைப் பக்கம் நவக்கரையில் 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன. அதன் பிறகு வனத்துறை தண்டவாளத்தை ஒட்டி 12 கோபுரங்களில் 24 தெர்மல் கேமராக்களை நிறுத்தியது. 2024 பிப்ரவரியிலிருந்து அவை யானையின் சூட்டைக் கணினியால் அடையாளம் கண்டு, ரயில்வேக்குத் தகவல் அனுப்பி, வண்டியின் வேகத்தைக் குறைக்கச் செய்கின்றன. அங்கே தவறாக அடையாளம் கண்டால் ஒரு ரயில் ஐந்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான் நஷ்டம்.

நம் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் ஒரு சிறுத்தை நடமாடியது. தெர்மல் ட்ரோன், தானியங்கிக் கேமரா, கூண்டு எல்லாம் வைத்துத் தேடினார்கள். ஆனைமலை, முதுமலைப் பக்கத்து அனுபவசாலிகள் வந்தார்கள். சில நாள் கழித்து அரியலூர் மாவட்டம் செந்துறையில், ஸ்ரீமுஷ்ணத்துக்கு அடுத்த பக்கத்தில், சிறுத்தையைப் பார்த்ததாகச் செய்தி வந்தது. கூண்டில் அது சிக்கவில்லை. சித்திரை மாதச் சூடு, வாய்க்கால் கரைப் புதர், ஊரெல்லாம் நாயும் ஆடும். அந்தச் சூழலில் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியையும் சிறுத்தை என்று எண்ணிச் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்கு எனக்குத் தோன்றுவது இது. முதலில் தெர்மல் ட்ரோனை அறுவடைக்குப் பிந்திய தை, மாசிப் பின்னிரவுகளில் பறக்கவிட வேண்டும். மண் குளிர்ந்திருக்கும், தாளடி தவிர மறைப்புக் குறைவு. எத்தனை கூட்டம், எந்தக் கரும்புக்கொல்லைக்குள் திரும்பிப் போகிறது, எந்த வாய்க்கால் வழியாக வருகிறது என்று கணக்கெடுக்கலாம். அதை வைத்துக் கூண்டு எங்கே, அதிர்ச்சிவேலி எங்கே என்று முடிவு செய்யலாம். இதற்குப் பிறகும் சுட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், வனத்துறைக்காரர் 100 மீட்டருக்குள், பரண்மேல் ஏறி, குண்டு தவறினாலும் மண்ணில் புதையும்படி கீழ்நோக்கிச் சுடட்டும். பக்கத்தில் இன்னொருவர் தனிக் கருவியில் பார்த்துப் 'பன்றிதான்' என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு சுடட்டும். துப்பாக்கியில் மாட்டிய கருவியால் தேடினால், தேடுகிற ஒவ்வொரு பொருள்மேலும் குழல் நீண்டிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

பெரியவரே, இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வருமோ வராதோ. வந்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உங்கள் ஊரில் பன்றி சுடப்போகிறார்கள் என்று தண்டோரா போட்டால், அன்று ராத்திரி கரண்டு வந்தாலும் மோட்டார் கொட்டகைக்குப் போகாதீர்கள். கையில்தான் டார்ச் இருக்கிறதே, தூரத்திலிருந்தே ஆள் என்று தெரிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். தெர்மலில் டார்ச் வெளிச்சம் தெரியாது.